59 பிள்ளைகளும் ஒரு ஆசிரியரின் நம்பிக்கையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள். பெற்றோரும், பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்களும், பள்ளிவாசல் நிருவாகத்தினரும் வாசித்தால் இன்னும் நல்லது.

சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஊர்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் கேட்கும். ஒன்று ஆசிரியர் ஓய்வறையில்: "இந்தப் பிள்ளைகள வச்சு நாங்க என்னத்தச் செய்ய? வீட்டுல கவனிப்பே இல்ல." மற்றது சந்தியில்: "இப்ப உள்ள சேர்மாருக்குப் படிப்பிக்கத் தெரியுமா? சம்பளத்துக்கு வந்துட்டுப் போறாங்க."

பேசுகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் இரண்டு பேச்சும் போய்த் தாக்குகிற இடம் ஒன்றுதான். "இந்தப் பிள்ளையை என்னால் படிக்க வைக்க முடியும்" என்று ஒரு ஆசிரியர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, எப்படித் தேய்கிறது என்பதை எங்கள் சமூகத்தின் கல்வி வரலாற்றை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கண்டது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுகள் சொன்னது

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிறுபான்மைப் பிள்ளைகள் படித்த பாடசாலைகள் சிலவற்றில் நடந்த வாசிப்புத் திட்டமொன்றை ரான்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து, 1976 இல் அறிக்கை வெளியிட்டது. ஆசிரியர்களிடம் கொடுத்த வினாக்கொத்தில் இரண்டு கூற்றுகளையும் சேர்த்திருந்தார்கள். பிள்ளையின் ஊக்கமும் அடைவும் பெரும்பாலும் வீட்டுச் சூழலில் தங்கியிருப்பதால் ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது ஒன்று. உண்மையாக முயன்றால் மிகக் கஷ்டமான பிள்ளையையும் என்னால் எட்டிப் பிடிக்க முடியும் என்பது மற்றது. முதலாவதை மறுத்து இரண்டாவதை ஏற்றுக்கொண்ட ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளின் வாசிப்பு கூடுதலாக முன்னேறியிருந்தது. எங்கள் ஓய்வறைப் பேச்சு அந்த முதலாவது கூற்றேதான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த வருடம், 1977 இல், அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் பரிசோதனை செய்தார். ஒரு குழுவினர், இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தார்கள். இன்னொரு குழுவினர், உதவியுடன் படிப்படியாகத் தாங்களே கையாண்டார்கள். பார்த்தவர்களுக்கும் தைரியம் வந்தது. தாங்களே செய்தவர்களுக்கு வந்த தைரியம் அதைவிட உறுதியாக இருந்தது. "என்னால் இந்தக் காரியத்தைச் செய்ய முடியும்" என்ற இந்த உணர்வைச் சுயவினைத்திறன் நம்பிக்கை என்று கல்வியியல் கல்லூரிகளில் படித்திருப்போம். அது நான்கு வழிகளால் வருகிறது என்றார் பண்டூரா. தானே செய்து பெற்ற வெற்றி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், மதிக்கத்தக்கவர்கள் சொல்லும் ஊக்கமான வார்த்தை, உடலும் மனமும் இருக்கும் நிலை.

இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு எங்கள் வரலாற்றுக்கு வருவோம்.

பார்த்து நடக்க யாரும் இல்லாத காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை முஸ்லிம்களுக்கு நவீன கல்வி தூரமான ஒன்றாக இருந்தது. ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் விளைவாக நவீன பாடங்களைப் படிப்பிக்கக்கூடிய முஸ்லிம் ஆசிரியர் என்று ஒருவரைக் காண்பதே அரிதாகிவிட்டது.

கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை (1838 - 1898) இந்தச் சுவரைத்தான் முட்டினார். சட்டத்தரணியாக இருந்தவர். 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி, கல்வியைப் பற்றி எழுதி எழுதிச் சமூகத்தை உலுக்கினார். 1884 இல் கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். போதிய ஆதரவு இல்லாமல் அது நின்றுபோனது. மனிதர் ஓயவில்லை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும், கொடையாளர் வாப்பிச்சி மரைக்காரின் துணையும் சேர, 1892 இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரசதுஸ் ஸாஹிரா பிறந்தது. இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதுதான்.

பண்டூராவின் நான்கு வழிகளை இங்கே பொருத்திப் பாருங்கள். சித்தி லெப்பைக்கு முன்னால் வழிகாட்டிப் போன முஸ்லிம் பாடசாலை ஒன்று இல்லை. முதல் முயற்சி மூடப்பட்டது. நான்கில் இரண்டு வழிகள் அடைபட்டிருந்தன. மிச்சமிருந்தது, மதிக்கத்தக்கவர்கள் பக்கத்தில் நின்று கொடுத்த உற்சாகம். ஒறாபி பாஷாவையும் வாப்பிச்சி மரைக்காரையும் நாங்கள் வழமையாகப் பணத்தோடும் பெயரோடும் மட்டும் நினைவுகூருகிறோம். விழுந்த ஒரு மனிதரை "திரும்பவும் செய்வோம்" என்று எழுப்பிவிட்டதும் அவர்கள் செய்த பணிதான்.

59 பிள்ளைகள்

1921 செப்டெம்பரில் மர்ஹூம் டி.பி. ஜாயா ஸாஹிராவின் அதிபராகப் பொறுப்பேற்றார். அப்போது அங்கிருந்த மாணவர்களின் எண்ணிக்கை 59. பாடசாலை தொடங்கி 29 வருடங்களுக்குப் பிறகு இருந்த கணக்கு இது. இன்று ஒரு பாடசாலையில் 59 பிள்ளைகள் மட்டும் இருந்தால் அதை மூடுவதா, பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பதா என்றுதான் வலயத்தில் பேசுவார்கள்.

ஜாயா அங்கே சுமார் 27 வருடங்கள் இருந்தார். சில பத்துப் பிள்ளைகளோடு கையில் எடுத்த பாடசாலையை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக்கிவிட்டுத்தான் அவர் வெளியேறினார். கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம என்று ஸாஹிராவின் கிளைகளும் முளைத்தன.

அவருக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அவர் வெறுங்கையோடு ஸாஹிராவுக்கு வரவில்லை என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அதற்கு முன் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். மிஷனரிமாரின் பாடசாலைகளுக்கு ஈடாகத் தன் சொந்தப் பாடசாலையைக் கட்டியெழுப்ப ஒரு சமூகத்தால் முடியும் என்பதைப் பௌத்த சமூகம் அங்கே செய்து காட்டிக்கொண்டிருந்தது. ஜாயா அதைக் கண்ணால் பார்த்தார். வகுப்பறையில் நின்று தானும் செய்தார். பார்த்த அனுபவமும் செய்த அனுபவமும் சேர்ந்துதான் 59 பிள்ளைகளைக் கண்டு அவரைத் தளராமல் வைத்தன என்பது என் கணிப்பு. முஸ்லிம் கல்வியின் மிகப் பெரிய பாய்ச்சலுக்கான பயிற்சி ஒரு பௌத்தக் கல்லூரியின் வகுப்பறையில் கிடைத்தது. இதைச் சொல்வதில் எங்களுக்குப் பெருமையே தவிர வேறில்லை.

வீட்டு வறுமையை மறைக்காத மனிதர்

ஜாயாவுக்குப் பின் 1948 இல் ஸாஹிராவின் அதிபரானவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்பது எட்டாத சிகரம். அந்தப் பதவியை இராஜினாமா செய்துவிட்டு ஒரு பாடசாலைக்கு அதிபராக வந்தார். 1961 வரை இருந்தார்.

ஒரு சாதாரண ஆசிரியரின் பக்கத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். சமூகத்திலேயே உயர்ந்த உத்தியோகத்தில் இருந்த ஒருவர் அதை விட்டுவிட்டு உங்கள் ஓய்வறைக்கு வந்து உட்காருகிறார். நீங்கள் செய்யும் தொழிலுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன வேண்டும்? அஸீஸின் காலம் ஸாஹிராவின் பொற்காலம் என்று சொல்லப்படுவதில் இந்த மதிப்புக்கும் பங்குண்டு. பிற்காலத்தில் தமிழுலகம் அறிந்த பேராசிரியரான கா. சிவத்தம்பி அந்தக் கல்லூரியில் மாணவராக இருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஒரு கல்லூரி தன் மாணவனையே தன் ஆசிரியராக எடுக்கும்போது, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு "நானும் அங்கே நிற்கலாம்" என்று தோன்றாமல் போகுமா?

அஸீஸிடம் இருந்து நான் எடுக்கும் பெரிய பாடம் வேறு. 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது கிழக்கின் வறுமையையும் கல்விப் பின்னடைவையும் அவர் நேரில் கண்டார். "வீட்டுச் சூழல் சரியில்லை" என்ற பேச்சு பொய்யென்று அவர் சொல்லவில்லை. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சாட்டாக வைக்காமல் வேலையாக எடுத்துக்கொண்டார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கி, வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வழி செய்தார். கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே வருடம்தான். ஆசிரியர் தன் கையில் இல்லாததைப் பற்றிப் புலம்பாமல் இருக்க வேண்டுமானால், அதைச் சரிசெய்ய இன்னொரு கை வேண்டும். அந்தக் கையைத்தான் அஸீஸ் நீட்டினார்.

எங்களைப் போன்ற ஒருவர்

தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது வழி என்று சொன்னேன். எங்கள் சமூகத்தில் பெண் பிள்ளைகளின் கல்வியில் இதைத் தெளிவாகக் காணலாம். கண்டியில் சித்தி லெப்பை தொடங்கிய பெண் பிள்ளைகளின் பாடசாலைக்கு அவருடைய சகோதரி தோள்கொடுத்தார். 1946 இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியபோது, கேரளத்திலிருந்து வந்து இங்கே வாழ்ந்த ஆயிஷா ரவூப் அதன் அதிபரானார். ஒரு முஸ்லிம் பெண் அதிபர் கதிரையில் இருப்பதை முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகளின் மனதில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிழக்கில் அட்டாளைச்சேனையிலும், தென்மேற்கில் அளுத்கமையிலும் இயங்கிய ஆசிரியர் கலாசாலைகள் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தன. அங்கே பயிற்சி பெற்றவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். பிள்ளையின் பேச்சும் ஆசிரியரின் பேச்சும் ஒன்றாக இருந்தது. "எங்கட ஊர் சேர்", "எங்கட டீச்சர்" என்ற சொல்லே அப்படித்தான் பிறந்தது. இன்று உங்கள் ஊரில் டொக்டராக, இஞ்சினியராக இருக்கும் பலருடைய வாப்பாவோ உம்மாவோ அந்தத் தலைமுறை ஆசிரியர்களில் ஒருவராக இருப்பதை விசாரித்துப் பார்த்தால் அறியலாம்.

கிடுகுக் கொட்டிலில்

நம்பிக்கை வசதியிலிருந்துதான் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் 1990 ஐக் காட்டுவேன். அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டில்களிலும் மர நிழல்களிலும், மற்றப் பாடசாலைகளின் பின்னேர நேரங்களிலும் வகுப்புகள் தொடங்கின. படிப்பித்தவர்களும் அகதிகள்தான். மாற்றுடுப்பு இல்லாமல் வந்தவர்கள்தான்.

நான்காவது வழி உடலும் மனமும் இருக்கும் நிலை என்றால், அது அந்த ஆசிரியர்களிடம் உடைந்து கிடந்தது. அப்படியிருந்தும் வகுப்பு நடந்தது. ஏனென்றால் அங்கே யாரும் தனியாக நிற்கவில்லை. பெற்றோர் கொட்டில் போட்டார்கள், அதிபர் பதிவேடு எழுதினார், உள்ளூர் மக்கள் இடம் கொடுத்தார்கள், ஆசிரியர் சோக்கை எடுத்தார். ஒரு பாடசாலையில் உள்ளவர்கள் சேர்ந்து "எங்களால் முடியும்" என்று நம்பினால் அது தனிநபர் நம்பிக்கையைவிடப் பலமானது என்பதையும், அது பிள்ளைகளின் அடைவோடு தொடர்புபட்டது என்பதையும் 2000ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் கூட்டு வினைத்திறன் என்ற பெயரில் எழுதினார்கள். புத்தளத்துக் கொட்டில்களில் அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது.

திருப்தி எங்கே வருகிறது

2006 இல் கப்ராரா என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இத்தாலியின் 75 பாடசாலைகளில் 2000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் முந்திய அடைவையும் கணக்கில் எடுத்தே பார்த்தார்கள். பிள்ளைகள் நன்றாகச் செய்தால் ஆசிரியரின் நம்பிக்கை கூடுகிறது. நம்பிக்கை கூடிய ஆசிரியரிடம் பிள்ளைகள் மேலும் நன்றாகச் செய்கிறார்கள். அந்த ஆசிரியர் தன் தொழிலிலும் திருப்தியாக இருக்கிறார். இது செக்குப் போலச் சுற்றுகிற காரியம். நல்ல பக்கமாகவும் சுற்றும், கெட்ட பக்கமாகவும் சுற்றும்.

கெட்ட பக்கமாகச் சுற்றத் தொடங்கும் இடம் பெரும்பாலும் முதல் நியமனம். பயிற்சிக் காலத்தில் ஏறும் நம்பிக்கை, முதல் வருடம் தனியாகப் படிப்பிக்கத் தொடங்கியதும் இறங்குகிறது என்று அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2005 இல் காட்டியது. பக்கத்தில் கிடைக்கும் உதவியைப் பொறுத்து இறக்கம் கூடும், குறையும். எங்கள் நிலையைப் பாருங்கள். கல்வியியல் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்த பிள்ளை தூர இடத்துக்குப் போகிறார். பல பாடசாலைகளில் அவருக்குக் கொடுப்பது, பழைய ஆசிரியர்கள் வேண்டாம் என்று தள்ளிய வகுப்பு. அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகளுக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, ஆசிரியர் என்ற பெயரும் இல்லை. ஆனால் வகுப்பு மட்டும் உண்டு.

ஒன்றை நேரடியாகச் சொல்ல வேண்டும். "நம்பிக்கை இருந்தால் போதும், சம்பளம் எதற்கு?" என்று கேட்பதற்கு இந்தப் பதிவை யாரும் பயன்படுத்தக் கூடாது. 24 வருடங்களாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காக 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அடுத்த வருடம் பொருளாதாரம் சரிந்தது. சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியருக்கு வழி திறக்கப்பட்டது. நல்ல ஆசிரியர்கள் பலர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பஸ் காசுக்கு யோசிக்கிற ஆசிரியரின் மனநிலையும் அவருடைய வினைத்திறனின் ஒரு பகுதிதான். அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும்.

அதேபோல, பாட அறிவும் தயாரிப்பும் இல்லாத வெறும் தன்னம்பிக்கையும் பிள்ளைக்கு உதவாது. ஜாயாவும் அஸீஸும் நெஞ்சை நிமிர்த்தியவர்கள் மட்டுமல்ல, வேலை தெரிந்தவர்கள்.

ஊர் செய்யக்கூடியது

சம்பளத்தை ஊரால் கூட்ட முடியாது. ஆனால் நான்கு வழிகளில் பல எங்கள் கையில் இருக்கின்றன.

பெற்றோருக்கு: ஒரு ஆசிரியரில் குறை கண்டால் பாடசாலைக்கு வந்து அவரிடமோ அதிபரிடமோ பேசுங்கள். 200 பேர் உள்ள வட்ஸ்அப் குழுமத்தில் பெயர் போட்டு எழுதுவதால் அவர் நல்ல ஆசிரியராக மாறப்போவதில்லை. அதே நேரம், உங்கள் பிள்ளை ஒரு கணக்கை விளங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அதையும் அந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். "நல்லாப் படிப்பிக்கிறீங்க சேர்" என்பதைவிட, "பின்னம் இப்பதான் அவனுக்கு விளங்கியிருக்கு சேர்" என்பது அவரை ஒரு மாதத்துக்கு நிமிர்த்தி வைக்கும்.

அதிபர்களுக்கும் சிரேஷ்ட ஆசிரியர்களுக்கும்: புதியவரை உங்கள் வகுப்பின் பின்வரிசையில் வாரம் ஒரு பாடவேளை உட்காரவிடுங்கள். நீங்களும் அவருடைய வகுப்பில் உட்காருங்கள், குறிப்புப் புத்தகம் இல்லாமல். முதல் வருடத்திலேயே மிகக் கஷ்டமான வகுப்பை அவர் தலையில் கட்டாதீர்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும்: கேட்டும் மண்டபமும் கட்டியது போதும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் யார், கொப்பி இல்லாத பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவரிடம் கேட்டு, அதைச் சத்தமில்லாமல் தீர்த்துவிடுங்கள். 9 ஏ எடுத்த பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கும்போது, வாசிக்கத் தெரியாமல் தரம் 6 க்கு வந்த பிள்ளையை வாசிக்க வைத்த ஆசிரியரையும் மேடைக்கு அழையுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்கு: வீட்டுச் சூழலைப் பற்றி நாங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. இருந்தாலும் நாளைக்கு வகுப்பில் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள். எல்லாரும் கைவிட்ட பிள்ளை. ஒரு தவணைக்குள் அந்தப் பிள்ளை ஒரேயொரு விடயத்தைச் செய்யும்படி ஆக்குங்கள். ஒரு பந்தி வாசிப்பதாக இருக்கலாம், ஏழாம் வாய்ப்பாடாக இருக்கலாம். பிள்ளைக்கு எவ்வளவு பயன் என்று பிறகு பார்ப்போம். "என்னால் முடிந்தது" என்ற ஒன்று உங்கள் கையில் இருக்கும். அடுத்த பிள்ளையிடம் அதை வைத்துக்கொண்டுதான் போகப் போகிறீர்கள்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்ட ஆசிரியர் இருந்தால், அவர் என்ன செய்தார் என்பதைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.